ஏஐ ஏஜென்ட்டிடம் எழுதும் கருவிகளை ஒப்படைப்பது எப்படி: அனுமதிக் கட்டுப்பாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஏஜென்ட் என்பது, மாடல் ஒன்று (உரையைப் படித்து எழுதும் ஏஐ) தானே கருவிகளை அழைத்து வேலையை முடிக்கும் மென்பொருள். வாசிக்க மட்டுமே முடிகிற ஏஜென்ட் பிழை செய்தால், தவறான பதில் ஒன்று திரையில் வந்து நிற்கும். எழுதவும் முடிகிற ஏஜென்ட் அதே பிழையைச் செய்தால் பதிவு மாறிவிடும், பணம் கைமாறிவிடும், மின்னஞ்சல் போய்ச் சேர்ந்துவிடும். பின்வரும் படிகள் இந்த இரண்டாவது வகை ஏஜென்ட்டைக் கட்டமைப்பவர்களுக்கானவை.

இதில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். “எதையும் அழிக்கும் முன் கேட்க வேண்டும்” என்று மாடலுக்கான அறிவுறுத்தலில் ஒரு வரியைச் சேர்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு செயலுக்கும் ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும் பெட்டி ஒன்றை வைப்பார்கள். இவை கடைசியில் வர வேண்டியவை. அடியில் இருக்கும் டோக்கனுக்கு, அதாவது ஏஜென்ட் அமைப்புகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் டிஜிட்டல் சாவிக்கு, எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் இருக்கும்வரை, மேலே வைத்த பெட்டி கவனக்குறைவான ஒரே சொடுக்கில் பயனற்றுப் போகும். ஆகவே முதலில் அதிகாரத்தைக் குறைத்து, பிறகு கருவிகளைக் குறுக்கி, அதன் பின்னரே மனிதரின் ஒப்புதலைச் சேர்க்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரே எடுத்துக்காட்டை முழுவதும் பயன்படுத்துகிறேன். இணைய விற்பனைத் தளம் ஒன்றின் வாடிக்கையாளர் உதவி ஏஜென்ட், ஆர்டரைத் தேடும், அனுப்பும் முகவரியை மாற்றும், ரீஃபண்ட் வழங்கும், மின்னஞ்சல் எழுதும்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உண்மைத் தரவைப் போலவே அமைந்த, ஆனால் உண்மை வாடிக்கையாளர் விவரம் இல்லாத சோதனைச் சூழல் ஒன்று வேண்டும். ஒரு முறையாவது மீட்டெடுத்துச் சரிபார்த்த பேக்கப் வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏஜென்ட் தொடும் ஒவ்வொரு அமைப்புக்கும் தனி அடையாளம் உருவாக்கவும் அதை உடனே ரத்து செய்யவும் அதிகாரம் உள்ள ஒருவர் தெரிந்திருக்க வேண்டும். பல குழுக்கள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று; தனி டோக்கனை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், அப்போதைக்கு ஒரு பொறியாளரின் சொந்த டோக்கனைப் போட்டுவிடுவதுதான்.

1. கருவிகளை விளைவின்படி வகைப்படுத்துங்கள்

ஏஜென்ட்டுக்குத் தரப்போகும் எல்லாக் கருவிகளையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் இயங்கி முடிந்த பின் உலகில் எது மாறியிருக்கும் என்று கேளுங்கள். வாசிப்பு, திரும்பப் பெறக்கூடிய எழுத்து, திரும்பப் பெற முடியாத எழுத்து, வெளியே செல்லும் எழுத்து என்ற நான்கு வகைகள் பெரும்பாலான பணிகளுக்குப் போதும். முகவரி மாற்றம் இரண்டாம் வகை. ஆனால் பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பிய பின் அதே மாற்றம் மூன்றாம் வகையாகிவிடலாம். ரீஃபண்ட் மூன்றாம் வகை. மின்னஞ்சல் நான்காம் வகை.

கருவியின் பெயரை நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம். இணையத்தில் தகவல் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியின் வரையறையின்படி, தகவலைக் கேட்டு வாங்கும் ‘கெட்’ கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்றாலும், கெட் கோரிக்கையிலேயே பதிவை மாற்றும் ஏபிஐக்கள் (மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் இடைமுகங்கள்) நடைமுறையில் உள்ளன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், தரவை எடுத்துத் தரும் ‘செலக்ட்’ கட்டளைக்குள் அழைக்கப்படும் ஒரு ஃபங்ஷன் (சேமித்து வைத்த சிறு நிரல்) வரிசைகளை மாற்றலாம். இணையப் பக்கத்தைத் திறக்கும் கருவி வாசிப்பு போலத் தோன்றினாலும், இணைய முகவரியின் வால் பகுதியில் தரவை ஒட்டி வெளியே அனுப்ப முடியும் என்பதால் அது நான்காம் வகையில்தான் சேரும். ஷெல் கட்டளைகளை, அதாவது கணினிக்கு நேரடியாக இடும் கட்டளைகளை, இயக்கும் கருவியை எந்த வகையிலும் அடைக்க முடியாது. அது எல்லாக் கருவிகளும் சேர்ந்த ஒன்று.

எம்சிபி என்ற மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாகக் கருவிகளை இணைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கருவி வாசிப்பு மட்டும் செய்வதா, அழிக்கும் தன்மை உடையதா, மறுமுறை அழைத்தாலும் விளைவு மாறாததா என்று குறிக்கும் அடையாளங்கள் அதில் உண்டு. எதுவும் குறிக்கப்படாவிட்டால் கருவி எழுதக்கூடியது, அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என அந்த விதிமுறை சொல்வது சரியான முன்னெச்சரிக்கை. ஆனால் இவை கருவியைத் தரும் சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் குறிப்புகள் மட்டுமே என்பதால், திரையில் காட்டுவதற்குப் பயன்படுத்துங்கள். அனுமதியைத் தீர்மானிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

2. ஏஜென்ட்டுக்குத் தனி அடையாளம் கொடுங்கள்

ஏஜென்ட் எந்த மனிதரின் டோக்கனையும் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால், பின்னாளில் லாக்கை (செயல்களின் பதிவேட்டை) பார்க்கும்போது மனிதர் செய்ததும் ஏஜென்ட் செய்ததும் ஒரே பெயரில் இருக்கும். ஏஜென்ட்டை நிறுத்த வேண்டுமானால் அந்த மனிதரின் வேலையும் நிற்கும். அதோடு வாசிப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரண்டு அடையாளங்களை வைத்துக்கொண்டால், சிக்கல் வரும்போது எழுத்தை மட்டும் துண்டித்து, வாசித்துப் பதில் சொல்லும் வேலையைத் தொடர விடலாம்.

அனுமதிகளின் விளக்கத்தை வரிக்கு வரி படியுங்கள். ஜிமெயில் ஏபிஐயில் வரைவு எழுதுவதற்கான ‘கம்போஸ்’ அனுமதி, வரைவை உருவாக்குவதோடு அஞ்சலை அனுப்பவும் இடம் தருகிறது. “வரைவு மட்டும் எழுதட்டும், அனுப்புவது மனிதர் வேலை” என்று எண்ணி அதைக் கொடுத்தால், எண்ணியது அனுமதியில் இல்லை என்பது பிறகுதான் தெரியவரும். இப்படிப்பட்ட இடங்களில் டோக்கனை ஏஜென்ட்டுக்கு எட்டாத இடைச் சேவை ஒன்றில் வைத்து, வரைவு எழுதும் அழைப்பை மட்டும் அந்தச் சேவை திறந்துவிட வேண்டும்.

தரவுத்தளத்திலும் இதே கண்டிப்பு தேவை. இணைப்பை ‘வாசிப்பு மட்டும்’ என்ற நிலையில் தொடங்குவதைப் பலர் பாதுகாப்பு என்று கருதுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் அந்த அமைப்பை அதே இணைப்பிலிருந்தே மாற்றிவிடலாம். வாசிப்பு டிரான்ஸாக்ஷனுக்குள் (ஒரே தொகுப்பாக இயங்கும் கட்டளைகளுக்குள்) ஏஜென்ட்டின் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்கான மொழி) வரியை வைத்தாலும், அந்த வரி தொகுப்பை முடிக்கும் ‘கமிட்’ கட்டளையோடு தொடங்கினால் டிரான்ஸாக்ஷன் அங்கேயே முடிந்து, அடுத்த கட்டளை வெளியே ஓடும். உண்மையான எல்லை என்பது அந்தப் பயனருக்கு எழுதும் உரிமையே வழங்காமல் இருப்பதுதான். எழுத வேண்டிய இடத்தில்கூட, முழு அட்டவணைக்குப் பதிலாக முகவரி நெடுவரிசைக்கு மட்டும் ‘அப்டேட்’ உரிமை கொடுக்க முடியும். வரிசை அளவிலான பாதுகாப்பை, அதாவது யார் எந்த வரிசையைத் தொடலாம் என்று தரவுத்தளத்திலேயே வைக்கும் விதிகளை, நம்புவதானால், அட்டவணையின் உரிமையாளராக ஏஜென்ட் இணையக் கூடாது. தனியாகக் கட்டாயப்படுத்தாதவரை அந்த விதிகள் உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதில்லை.

ஏஜென்ட் ஒரு பயனரின் சார்பில் செயல்படும்போது, அதன் அதிகாரம் ஏஜென்ட்டுக்கும் அந்தப் பயனருக்கும் பொதுவாக உள்ளதை மீறக் கூடாது. இதைப் பார்க்காமல் விட்டால், குறைந்த உரிமை உள்ள ஒருவர் ஏஜென்ட்டிடம் கேட்டு, தன்னால் நேரடியாகச் செய்ய முடியாததைச் செய்துகொள்வார். 1988இல் கணினி விஞ்ஞானி நார்ம் ஹார்டி ‘குழம்பிய பிரதிநிதி’ என்று விவரித்த சிக்கல் இதுவே; ஏஜென்ட்டுகளால் அது மீண்டும் அன்றாடச் சிக்கலாகியிருக்கிறது.

3. பரந்த கருவியை உடைத்துக் குறுகிய கருவிகளாக்குங்கள்

‘எஸ்க்யூஎல் இயக்கு’ என்ற ஒரே கருவியைக் கொடுப்பது கட்டமைப்பவருக்கு எளிது. ஆனால் அதன் முன் வைக்கும் எந்தச் சோதனையும், கட்டளை வரியைப் படித்து அதன் நோக்கத்தை ஊகிக்க வேண்டியிருக்கும். ‘முகவரியை மாற்று’ என்ற தனிக் கருவியில் ஊகிக்க எதுவும் இல்லை: ஆர்டர் எண், புதிய முகவரி, அவ்வளவுதான். தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியலை வைத்து எஸ்க்யூஎல்லை வடிகட்டும் முயற்சியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சுற்றிப்போக வழிகள் எப்போதும் மிச்சமிருக்கும்.

அடுத்து, எந்த மதிப்பை மாடல் நிரப்பலாம், எதை நிரப்பக் கூடாது என்று பிரியுங்கள். வாடிக்கையாளர் எண் உள்நுழைவிலிருந்து வர வேண்டும். மாடல் அதைத் தர இடமே இருக்கக் கூடாது. ரீஃபண்ட் தொகையைச் சர்வர் ஆர்டரிலிருந்து கணக்கிட வேண்டும். மாடல் தேர்ந்தெடுப்பது எந்தப் பொருளுக்கு, என்ன காரணத்துக்கு என்பதை மட்டுமே. கருவியின் அளவுருக்களில் இருந்து ஒரு மதிப்பை நீக்கிவிட்டால், அந்த மதிப்பைப் பற்றிய தாக்குதல்கள் அனைத்தும் கூடவே போய்விடும். இந்தப் படியில் செலவிடும் உழைப்புக்கு மற்ற எந்தப் படியையும்விடப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தொடும் கருவி தவிர்க்க முடியாதது என்றால், எத்தனை பதிவுகள் மாறும் என்ற எண்ணிக்கையை அழைப்பிலேயே கட்டாயமாக்குங்கள். மாறப்போகும் எண்ணிக்கை அதிலிருந்து வேறுபட்டால் சர்வர் மறுத்துவிட வேண்டும். நிபந்தனையே இல்லாமல் முழு அட்டவணையையும் மாற்றும் அழைப்பை இது பெரும்பாலும் பிடித்துவிடும்.

ஏஜென்ட் வாசித்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் வேறொருவர் பதிவை மாற்றியிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வாசிக்கும்போது பதிப்பு எண்ணைக் கொடுத்து, எழுதும்போது அதைத் திருப்பிக் கேட்டு, பொருந்தாவிட்டால் மறுப்பது போதும். எச்டிடிபியில் ‘இஃப்-மேட்ச்’ தலைப்பும் (கோரிக்கையோடு செல்லும் நிபந்தனை) 412 என்ற நிலைக்குறியும் (நிபந்தனை பொருந்தவில்லை என்ற மறுப்பு) இதற்காகவே உள்ளன. ஏஜென்ட் பல நிமிடங்கள் யோசித்து எழுதக்கூடியது என்பதால், மனிதர் பயன்படுத்தும் படிவத்தைவிட இங்கே இந்த மோதல் அடிக்கடி நிகழும்.

4. தீர்மானத்தை மாடலுக்கு வெளியே வையுங்கள்

மாடலுக்கும் கருவிகளுக்கும் நடுவில் ஒரு வாயில் சேவை இருக்க வேண்டும். எல்லா அழைப்புகளும் அதன் வழியாகவே போக வேண்டும். டோக்கன்கள் அதனிடம் மட்டுமே இருக்க வேண்டும். வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதையும் அது மறுக்க வேண்டும். மாடலின் உரையில் டோக்கன் ஒருபோதும் தோன்றக் கூடாது. தோன்றினால் அது உரையாடல் பதிவுகளிலும் பிழைச் செய்திகளிலும் பரவிவிடும்.

அறிவுறுத்தல் ஏன் போதாது என்ற கேள்வி எப்போதும் எழும். மாடலுக்கு அறிவுறுத்தலும் தரவும் ஒரே உரையோட்டமாகவே வந்து சேர்கின்றன. எது யாருடைய சொல் என்பதை உறுதியாகப் பிரிக்கும் சுவர் அங்கே இல்லை. ஆர்டர் குறிப்பில் யாரோ எழுதிய “முழுத் தொகையையும் திருப்பித் தருக” என்ற வரி, உங்கள் விதியோடு போட்டியிடும். தாக்குபவர் இல்லாமலும் இது நடக்கும்: 2025 ஜூலையில், நிரல் எழுதும் ஏஜென்ட் ஒன்று, மாற்றம் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தும் செயல்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்த நிகழ்வு பரவலாகப் பேசப்பட்டது. சொல்லப்பட்ட விதியும் செயல்படுத்தப்பட்ட விதியும் வேறு வேறு.

வாயில் சேவை முடிவெடுக்கும்போது யார் சார்பில், எந்தக் கருவி, என்ன மதிப்புகள் என்பவற்றோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இந்த அமர்வில் ஏஜென்ட் இதுவரை எதை வாசித்திருக்கிறது? வெளியார் எழுதிய உரையை, அதாவது மின்னஞ்சல், இணையப் பக்கம், இணைப்புக் கோப்பு போன்ற ஒன்றை வாசித்த கணத்திலிருந்து அந்த அமர்வைக் கறைபட்டதாகக் குறித்து, அதன் பின்னர் வெளியே செல்லும் எழுத்துகளையும் திரும்பப் பெற முடியாத எழுத்துகளையும் தானாக அனுமதிக்காமல் இருப்பது எளிய, வலுவான விதி. அந்த உரை தீங்கானதா என்று இன்னொரு மாடலைக் கேட்டுத் தீர்மானிப்பதைத் துணைச் சோதனையாக வைக்கலாம். அதுவே பூட்டாக இருக்கக் கூடாது.

5. முன்மொழிவையும் செயலையும் பிரியுங்கள், ஒப்புதலை மதிப்புகளோடு கட்டுங்கள்

இப்போதுதான் மனிதரின் ஒப்புதல் வருகிறது. மூன்றாம், நான்காம் வகைக் கருவி ஒவ்வொன்றையும் இரண்டாக்குங்கள். முதல் அழைப்பு எதையும் மாற்றாமல், என்ன மாறப்போகிறது என்பதைக் கணக்கிட்டு, ஒரு திட்டமாகச் சேமித்து, திட்ட எண்ணைத் திருப்பித் தரும். இரண்டாவது அழைப்பு அந்தத் திட்ட எண்ணை மட்டுமே ஏற்கும். இரண்டாவது அழைப்பிலும் தொகையையும் முகவரியையும் வாங்கினால், ஒப்புதல் பெற்றது ஒன்றாகவும் நடந்தது வேறாகவும் இருக்க வாய்ப்பளித்துவிடுகிறீர்கள்.

ஒப்புதல், திட்டத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்போடு (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு) சேமிக்கப்பட வேண்டும். திட்டம் ஓர் எழுத்து மாறினாலும், அடியிலுள்ள பதிவு மாறினாலும், குறித்த நேரம் கடந்தாலும் ஒப்புதல் செல்லாததாக வேண்டும். ஒரு திட்டத்துக்கு ஒரு முறைதான்.

ஒப்புதல் திரையில் என்ன காட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘வாடிக்கையாளர் கேட்டபடி சிறு திருத்தம்’ என்ற மாடலின் சுருக்கத்தைக் காட்டினால், மனிதர் சுருக்கத்துக்கு ஒப்புதல் தருகிறார், மாற்றத்துக்கு அன்று. திரை, சேமித்த திட்டத்திலிருந்து நேரடியாக உருவாக வேண்டும்: பழைய மதிப்பு, புதிய மதிப்பு, தொகை, பெறுநர், மாறும் பதிவுகளின் எண்ணிக்கை. மாடலின் விளக்கத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கீழே, வேறு நிறத்தில், அது மாடலின் கூற்று என்ற குறிப்போடு காட்டுங்கள்.

ஒப்புதல் வரும் வழியும் தனியாக இருக்க வேண்டும். உரையாடலில் ‘சரி’ என்று எழுதுவதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டால், அந்தச் சொல் எந்த ஆவணத்திலிருந்தும் உள்ளே வரலாம்; பயனர் வேறொரு கேள்விக்குச் சொன்ன ‘சரி’யாகவும் இருக்கலாம். உள்நுழைந்த மனிதர், மாடல் தொடாத ஒரு திரையில், பொத்தானை அழுத்த வேண்டும்.

எதற்கு ஒப்புதல் கேட்கக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். நாள் முழுவதும் சாதாரண முகவரித் திருத்தங்களுக்கு ஒப்புதல் கேட்டுக்கொண்டிருந்தால், கை பழகி, படிக்காமலே அழுத்தத் தொடங்கும். பெரிய ரீஃபண்ட் வரும்போதும் அதே கைதான் அழுத்தும். திரும்பப் பெறக்கூடிய, அளவில் சிறிய எழுத்துகளை மூன்றாம் படியின் குறுகிய கருவிகளுக்கும் அடுத்த படியின் வரம்புகளுக்கும் விட்டுவிட்டு, மனிதரின் கவனத்தை அரிதான, விலை உயர்ந்த முடிவுகளுக்குச் சேமித்து வையுங்கள்.

6. வரம்புகள், மறுமுயற்சி, நிறுத்தும் வழி

ஒரே அழைப்புக்கான வரம்பு மட்டும் போதாது. சிறு தொகைக்குத் தானாக அனுமதி என்று வைத்தால், அந்தச் சிறு தொகை நூறு முறை போகலாம். அழைப்புக்கு, அமர்வுக்கு, வாடிக்கையாளருக்கு, நாளுக்கு என நான்கு நிலைகளில் கூட்டுத்தொகையைக் கணக்கிடுங்கள்.

நெட்வொர்க் பிழை வந்தால் ஏஜென்ட் மறுபடி முயலும்; முதல் முயற்சி உண்மையில் வெற்றி பெற்றிருந்தால் ரீஃபண்ட் இரண்டு முறை போகும். இதற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மறுமுயற்சிக் குறியீடு ஒன்று வேண்டும். ஒரே குறியீட்டோடு வரும் இரண்டாவது அழைப்புக்குச் சர்வர் முதல் முடிவையே திருப்பித் தர வேண்டும். அந்தக் குறியீட்டை மாடல் உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிவிடும். திட்ட எண்ணிலிருந்து வாயில் சேவைதான் அதை அமைக்க வேண்டும்.

நிறுத்தும் பொத்தானைச் செயல்படுத்திப் பாருங்கள். கையொப்பத்தையும் காலாவதி நேரத்தையும் தம்முள்ளேயே கொண்ட ஜேடபிள்யூடி வகை டோக்கன்களைச் சர்வர்கள் பெரும்பாலும் அவ்விரண்டை மட்டுமே சரிபார்த்து ஏற்கின்றன. அப்படியானால் ரத்து செய்த பின்னும் காலம் முடியும்வரை அவை வேலை செய்யும். ஒரு நாள் ஆயுள் கொண்ட டோக்கனை வைத்துக்கொண்டு ‘உடனே நிறுத்தலாம்’ என்று சொல்ல முடியாது. சில நிமிட ஆயுளே நல்லது.

7. லாக்கும் மீட்பும்

ஒவ்வொரு எழுத்துக்கும் அமர்வு எண், யார் சார்பில் செய்யப்பட்டது, கருவி, மதிப்புகள், பழைய நிலை, புதிய நிலை, ஒப்புதல் தந்தவர், எந்த விதியின்படி அனுமதிக்கப்பட்டது என்பவற்றைப் பதியுங்கள். மறுக்கப்பட்ட அழைப்புகளையும் பதியுங்கள்; தாக்குதலின் முதல் தடயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்த லாக்கை வாயில் சேவை எழுத வேண்டும். ஏஜென்ட்டின் எந்த அடையாளத்துக்கும் அதைத் திருத்தும் உரிமை இருக்கக் கூடாது.

மீட்பு அமர்வு எண்ணின்படி நடக்க வேண்டும். ஏஜென்ட் தவறியது தெரியவரும்போது அதே நேரத்தில் மனிதர்களும் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்பதால், முழுத் தரவுத்தளத்தையும் பழைய நேரத்துக்குத் திருப்புவது அவர்களுடைய வேலையையும் அழித்துவிடும். அழிக்கும் கருவிகள் வரிசையை நீக்காமல் நீக்கப்பட்டதாகக் குறிக்கட்டும். கோப்புக் கிடங்கில் பழைய பதிப்புகளைக் காக்கும் வசதி இயங்கட்டும். பேக்கப்பை அழிக்கும் உரிமை ஏஜென்ட் தொடும் எந்த அடையாளத்திலும் இருக்கக் கூடாது.

8. மாடலை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்

ஏஜென்ட் ஒழுங்காக நடப்பதைப் பார்த்துவிட்டுக் கட்டுப்பாடு சரியாக உள்ளது என்று முடிவு செய்வது மிகப் பொதுவான பிழை. அது மாடலின் நல்ல நடத்தைக்கான சான்று மட்டுமே. மாடலை நீக்கிவிட்டு, ஏஜென்ட்டின் அடையாளத்தோடு வாயில் சேவையை நேரடியாக அழைத்து, முடிந்தவரை மோசமான மதிப்புகளைக் கொடுங்கள்: மற்றொருவரின் ஆர்டர் எண், எதிர்மறைத் தொகை, காலாவதியான ஒப்புதல், ஒப்புதலுக்குப் பின் மாற்றிய திட்டம், ஒரே திட்டத்துக்கு ஒரே நொடியில் பல அழைப்புகள். கடைசியானதில் திட்டம் ஒரு முறைக்கு மேல் நிறைவேறாமல், மற்றவை அனைத்தும் மறுக்கப்பட்ட பின் மாடலைச் சேர்த்து, ஆர்டர் குறிப்பிலும் இணைப்புக் கோப்பிலும் பொய் அறிவுறுத்தல்களை வைத்துச் சோதியுங்கள். இரண்டாவது சோதனையில் மாடல் ஏமாந்தால் அதுவே தோல்வி ஆகாது. ஏமாந்த மாடலால் எதையும் மாற்ற முடிந்ததா என்பதையே பார்க்க வேண்டும்.

9. படிப்படியாகத் திறந்துவிடுங்கள்

முதலில் ஏஜென்ட் திட்டங்களை மட்டும் உருவாக்கட்டும்; எதுவும் நிறைவேறக் கூடாது. அதே வேலையை மனிதர்கள் செய்த விதத்தோடு அந்தத் திட்டங்களை ஒப்பிடுங்கள். அடுத்து எல்லாவற்றுக்கும் ஒப்புதலோடு இயக்குங்கள். மனிதர்கள் எந்த வகைத் திட்டத்தை ஒருபோதும் திருத்தவில்லை என்று லாக் காட்டுகிறதோ, அது திரும்பப் பெறக்கூடிய வகையாகவும் இருந்தால், அதை மட்டும் தானியங்கு நிலைக்கு மாற்றுங்கள். திருத்தவில்லை என்பதற்குப் படிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஒப்புதலுக்கு எடுத்த நேரம் ஓரிரு நொடிகளாகவே இருந்தால் அந்தத் தரவை நம்பாதீர்கள்.

மாடலை மாற்றினாலும், புதிய கருவியைச் சேர்த்தாலும் எட்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். வெளியார் நடத்தும் எம்சிபி சர்வர், இயங்கிக்கொண்டிருக்கும்போதே தன் கருவிகளின் பட்டியலையும் விளக்கங்களையும் மாற்ற முடியும். அந்த விளக்கங்கள் நேராக மாடலின் உரைக்குள் போகின்றன என்பதால், ஏற்றுக்கொண்ட நாளில் இருந்த விளக்கத்தின் ஹாஷை வாயில் சேவையில் வைத்து, அது மாறினால் மனிதர் மறுபடி பார்க்கும்வரை அந்தக் கருவியை மூடிவையுங்கள். நெடுநாள் ஒரு முறையும் அழைக்கப்படாத எழுதும் கருவி ஏதேனும் இருந்தால், அதன் உரிமையை அந்த மறுபார்வையிலேயே நீக்கிவிடுங்கள். தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.